கோயில்... குழி... குளம்... மறுபடியும் கோயில்! - மாஸ்கோவில் எழாமலே போன மாளிகை

மாஸ்கோ மெட்ரோவின் சிவப்பு வழித்தடத்தில் குரோப்போத்கின்ஸ்காயா என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடமாவது நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணும் உச்சியில் பூப்போல விரிகிறது. விளக்குகள் அந்த விரிவுக்குள் ஒளிந்திருப்பதால், வெளிச்சம் மட்டும் கூரையில் பட்டுக் கீழே வழிகிறது. எகிப்தின் கர்னாக் கோயில் தூண்கள்தான் இதற்கு முன்மாதிரி என்பார்கள். அலெக்ஸேய் துஷ்கின், யாகவ் லிக்தென்பெர்க் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் கைவண்ணம்.

1935-ம் ஆண்டு மே 15-ம் தேதி மாஸ்கோவில் முதன்முதலாக மெட்ரோ ஓடியபோது திறக்கப்பட்ட ஸ்டேஷன்களில் இதுவும் ஒன்று. அப்போது இதன் பெயர் வேறு: 'சோவியத் மாளிகை'. மேலே உலகிலேயே உயரமான ஒரு மாளிகை வரப்போகிறது, அதற்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து இறங்குவார்கள், அவர்களை வரவேற்கும் முன்கூடமாக ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். முன்கூடம் தயாரானது. மாளிகை வரவே இல்லை. 22 வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1957-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். புதுப் பெயர் யாருடையது தெரியுமா? 'அரசாங்கம் என்ற ஒன்றே மனிதர்களுக்குத் தேவையில்லை' என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய குரோப்போத்கினுடையது. அரசாங்கத்தின் பிரமாண்ட மாளிகைக்காகக் கட்டிய ஸ்டேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை வேண்டுமென்றே தேடினாலும் பிடித்திருக்க முடியாது!

படியேறி வெளியே வந்தால் எதிரே தங்கக் கும்மட்டங்களுடன் வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம். 'ரட்சகராகிய கிறிஸ்து' பேராலயம். 103 மீட்டர் உயரம். பார்ப்பதற்கு இருநூறு வருடப் பழைமை தெரிகிறது. நிஜ வயது கால் நூற்றாண்டுதான். இதே இடத்தில் முதலில் ஒரு கன்னிமாடம், பிறகு ஒரு பேராலயம், பிறகு ஒரு பள்ளம், பிறகு ஒரு நீச்சல் குளம் இருந்தன. இப்போது மறுபடியும் பேராலயம். நடுவில் வரவேண்டிய மாளிகை மட்டும் காகிதத்தில் தங்கிவிட்டது.

நெப்போலியனைத் துரத்திய நன்றிக்கடன்

1812-ல் நெப்போலியனின் படை ரஷ்யப் பனியில் சிதைந்து திரும்பியபோது, ஜார் மன்னர் முதலாம் அலெக்சாந்தர் கடவுளுக்கு நன்றி சொல்லி ஒரு பேராலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்திக்கடனின் முதல் அத்தியாயமே கட்டாமல் போன கதைதான். விட்பெர்க் என்ற இளம் ஓவியருக்கு வேலை கிடைத்தது. அவர் கட்டடக் கலை படித்தவர் இல்லை. லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், இந்த வேலைக்காகவே ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறி, மன்னரின் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டார். 1817-ல் நகருக்கு வெளியே சிட்டுக்குருவிக் குன்றுகளில் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். ஆற்றங்கரைச் சரிவின் மண் அந்த கனத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பணமோ போன இடம் தெரியவில்லை. அடுத்த மன்னர் நிக்கலாய் வந்ததும் விசாரணை, சொத்துப் பறிமுதல், கடைசியில் 1835-ல் வியாத்கா என்ற தொலைதூர ஊருக்கு நாடுகடத்தல்.

விட்பெர்க் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அந்த ஊருக்காக ஒரு தேவாலயத்தை வடிவமைத்தார். அது கட்டியும் முடிக்கப்பட்டது. ஆனால், 1937-ல் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாவம், அந்த மனிதருக்குக் கட்டடம் என்ற ஒன்றில் ராசியே இல்லை.

இரண்டாவது முயற்சி கன்ஸ்தந்தீன் தோன் கைக்கு வந்தது. இடம் மாஸ்கோ நதிக்கரை, கிரெம்ளினிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஏற்கெனவே அலெக்ஸேயெவ்ஸ்கி கன்னிமாடம் இருந்தது. அதை அப்புறப்படுத்திக் கன்னியாஸ்திரிகளை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். மடத்தின் தலைவி புறப்படும்போது 'இந்த மண்ணில் எதுவும் நிலைக்காது' என்று சாபமிட்டுவிட்டுப் போனதாக மாஸ்கோவில் இன்றைக்கும் ஒரு கதை உலவுகிறது. நம்மூரில் தலக்காடு சாபம் சொல்வதைப்போல! சாபம் இருந்ததோ இல்லையோ, பின்னால் நடந்தவற்றைப் பார்த்துவிட்டு ஜனங்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

1839-ல் தொடங்கிய வேலை 1883-ல்தான் முடிந்தது. நாற்பத்து நான்கு வருடங்கள். போரில் இறந்த அதிகாரிகளின் பெயர்களைச் சுவர்களில் பொறித்தார்கள். வெளிச்சுவர் முழுக்கப் பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள். அந்தப் பேராலயம் நின்றது 48 வருடங்கள். அதாவது, கட்டுவதற்கு ஆன காலத்தைவிட நான்கே வருடங்கள் அதிகம்.

நடுவில் ஒரு மலை

புரட்சிக்குப் பின் சோவியத் அரசுக்கு ஒரு பெரிய மாளிகை தேவைப்பட்டது. நாடாளுமன்றம்போல, மாநாட்டு மண்டபம்போல, நினைவுச்சின்னம்போல எல்லாமாகவும் ஒன்று. நகரின் நடுவில் இடம் தேடியவர்களின் கண் பேராலயத்தின் மீது விழுந்தது. 1931 கோடையில் கும்மட்டத்தின் தங்கத் தகடுகளை உரித்தார்கள். மணிகளை இறக்கினார்கள். டிசம்பர் 5-ம் தேதி வெடிவைத்தார்கள். முதல் வெடிக்குக் கட்டடம் முழுதாக விழவில்லை. மறுபடி வைத்தார்கள். அதைப் படமும் பிடித்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். புகை எழுந்து, கும்மட்டம் உள்வாங்கிச் சரிகிற சில விநாடிகள். இடிபாடுகளை அள்ளி முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மாளிகைக்கான போட்டியில் உலகமே கலந்துகொண்டது என்று சொல்லலாம். ஜெர்மனியிலிருந்து குரோப்பியஸ், மெண்டல்சோன். பிரான்ஸிலிருந்து லெ கார்பூசியே. பின்னாளில் நம் சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டாரே, அவரேதான். 1932 பிப்ரவரியில் அறிவித்த முதல் பரிசுகளில் ஒன்று ஹெக்டர் ஹாமில்டன் என்ற அமெரிக்க இளைஞருக்குப் போனது. மற்ற இருவர் ரஷ்யர்கள்: ஷல்த்தோவ்ஸ்கி, போரிஸ் இயோஃபான். லெ கார்பூசியேவுக்குப் பரிசு இல்லை. புதுமைக் கட்டடக் கலையின் பெரிய தலைகள் எல்லோரையும் ஒதுக்கிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி மாதிரியான எளிய கட்டடங்கள் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. தூணும் சிலையும் படிக்கட்டுமாக, பார்த்தவுடன் மலைக்க வேண்டும் அவர்களுக்கு.

1933-ல் இயோஃபானின் வடிவம் இறுதியானது. ஷூகோ, கெல்ஃப்ரெய்க் என்ற இரண்டு மூத்த கலைஞர்களையும் அவரோடு சேர்த்துவிட்டார்கள். முதலில் அவர் வரைந்தபோது, உச்சியில் விடுதலை பெற்ற தொழிலாளி ஒருவரின் சிலை மட்டும் 18 மீட்டரில் இருந்தது. பிறகு தொழிலாளி இறங்கி, லெனின் ஏறினார். சிலை வளர்ந்தது. வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் 100 மீட்டரில் நின்றது. கட்டடமும் சிலையும் சேர்த்து 415 மீட்டர்.

415 மீட்டர் என்றால்? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல ஆறு மடங்குக்கும் மேல். அன்றைக்கு உலகின் உயரமான கட்டடமான நியூயார்க் எம்பயர் ஸ்டேட் 381 மீட்டர். அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதுதான் இங்கே அடிப்படைக் கணக்கு. உள்ளே 20,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய வட்ட மண்டபம். அதைவிடச் சிறிய இன்னொரு மண்டபத்தில் 6,000 பேர். கட்டடம் மொத்தமும் ஒரு மாபெரும் பீடம்தான். ஒரு மனிதரின் சிலைக்குக் கீழே ஒரு நாடாளுமன்றத்தை வைத்திருந்தார்கள் என்றும் சொல்லலாம். ஆனால், மாஸ்கோ குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்து தொங்கும் ஊர். வருடத்தில் பல நாள் லெனினின் இடுப்புக்கு மேல் எதுவுமே கண்ணுக்குத் தெரிந்திருக்காது!

இது வெறும் படத்தோடு நின்ற திட்டம் இல்லை என்பதுதான் விசேஷம். ஊற்று நீர் உள்ளே வராமலிருக்க, சுற்றியுள்ள பாறை விரிசல்களில் சூடான தாரைச் செலுத்தி அடைத்தார்கள். 20 மீட்டர் ஆழத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக கான்கிரீட் வளையங்கள் இறங்கின. 1939-ல் அஸ்திவாரம் முடிந்தது. இந்தக் கட்டடத்துக்கென்றே ஒரு தனி ரக எஃகு தயாரித்தார்கள். மாளிகையின் ரஷ்யப் பெயரின் முதலெழுத்துகளான 'டி.எஸ்.' என்பதே அந்த எஃகுக்கும் பெயர். தூண்கள் தரைக்கு மேலே தலைகாட்டத் தொடங்கின.

1941 ஜூன் 22. ஹிட்லரின் படை எல்லையைத் தாண்டியது. இலையுதிர் காலத்துக்குள் மாஸ்கோவை நெருங்கிவிட்டது. டாங்குகளை மறிக்க, எஃகு உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து சாலைகளில் வைத்தார்களே, அதற்கு மாளிகையின் எஃகு போனது. தொழில் நகரங்களுக்கு நிலக்கரி கொடுத்துவந்த தன்பாஸ் பகுதி எதிரியிடம் விழுந்தது. வடக்கிலிருந்து கரி கொண்டுவர அவசர ரயில்பாதை தேவைப்பட்டது. அதன் பாலங்களுக்காக 1942-ல் நிறுத்தியிருந்த தூண்களையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். டி.எஸ். எஃகு தன் வாழ்நாளில் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றுகிறது. சிலையைத் தாங்கியிருக்க வேண்டிய இரும்பு, கரி வண்டியைத் தாங்கியது.

ஜன்னலுக்கு வெளியே

பேராலயத்தின் பின்பக்கமாகச் சென்றால் நதியின் மேல் பத்ரியார்ஷி பாலம். நடப்பவர்களுக்கு மட்டுமானது. மாலையில் காதலர்களும், கல்யாணக் கோலத்தில் போட்டோ எடுக்க வரும் ஜோடிகளும், ஐஸ்க்ரீமோடு குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள். ஒரு பக்கம் கிரெம்ளினின் கோபுரங்கள் முழுசாகத் தெரியும். எதிர்க்கரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பிரமாண்டக் குடியிருப்பு. 'கரையோர வீடு' என்று பெயர். சுமார் 500 வீடுகள். அமைச்சர்கள், தளபதிகள், விஞ்ஞானிகளுக்காக 1931-ல் கட்டியது. கட்டியவரும் போரிஸ் இயோஃபான்தான்.

1930-களின் கைது அலையில் இந்த ஒரே கட்டடத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். நள்ளிரவில் லிஃப்ட் சத்தம் கேட்டால், எந்த மாடியில் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த குடும்பங்களின் கதைகளை அங்கேயுள்ள சிறிய மியூசியத்தில் தெரிந்துகொள்ளலாம். மாஸ்கோவில் பார்க்க வேண்டிய பெரிய இடங்களின் பட்டியலில் இது பெரும்பாலும் வராது. வர வேண்டும்.

இயோஃபான் தப்பித்தார். ஒடெஸாவில் பிறந்து ரோமில் படித்தவர். 1937-ல் பாரிஸ் கண்காட்சியில் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஷ்பீர் கட்டிய அரங்குக்கு நேர் எதிரே சோவியத் அரங்கைக் கட்டி உலகப் புகழ் அடைந்தவர். அவரும் இந்தக் கரையோர வீட்டில்தான் குடியிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வேலை நடக்க வேண்டிய இடம்.

போர் முடிந்த பிறகும் அவர் விடவில்லை. உயரத்தைக் குறைத்து, மண்டபத்தைச் சுருக்கி, திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். ஆனால், நாட்டின் முன்னுரிமை மாறிவிட்டது. 1947-ல் ஸ்டாலின் மாஸ்கோவைச் சுற்றி எட்டு உயரக் கட்டடங்கள் கட்ட உத்தரவிட்டார். நடுவில் மாளிகை, சுற்றிலும் இவை என்பதுதான் யோசனை. சிட்டுக்குருவிக் குன்றில் வரவிருந்த பல்கலைக்கழகக் கட்டடம் முதலில் இயோஃபானிடமே வந்து, பிறகு கைமாறிப்போனது. விட்பெர்கின் அஸ்திவாரக் கல்லை வைத்த அதே குன்றுகளில் இன்று 240 மீட்டர் உயரத்தில் நிற்பது அந்தப் பல்கலைக்கழகம்தான். எட்டில் ஏழு எழுந்தன. இவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டிய மாளிகை மட்டும் இல்லை. பரிவார தேவதைகள் எல்லாம் வந்துவிட்டன, மூலவர் வரவில்லை என்ற கதை!

வராத எட்டாவதுக்கும் ஒரு கதை உண்டு. செஞ்சதுக்கத்தின் பக்கத்தில் ஸர்யாதியே என்ற இடத்தில் வர வேண்டியது. அடித்தளம் போட்டு, வேலை தொடங்கி, நின்றுபோனது. அந்த அடித்தளத்தின் மேல் 'ரஷ்யா' ஹோட்டலைக் கட்டினார்கள். அதையும் 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். 2017-ல் அங்கே ஒரு பூங்கா திறந்தார்கள். நதியின் மேல் அந்தரத்தில் நீண்டு, அக்கரையைத் தொடாமல் வளைந்து திரும்புகிற பாலம் ஒன்று அதில் இருக்கிறது. செல்ஃபி எடுக்க வருகிற கூட்டத்துக்குக் குறைவில்லை.

அஸ்திவாரத்தில் நீச்சல்

பேராலயம் இருந்த இடத்தில் பல வருடங்கள் வேலியடைத்த பள்ளம். தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இதை என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள், தண்ணீர்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று நினைத்தார்களோ என்னவோ, 1960-ல் நீச்சல் குளமாக்கிவிட்டார்கள்! வடிவமைத்தவர் திமீத்ரி செச்சூலின். 'ரஷ்யா' ஹோட்டலைக் கட்டியவரும் அவரே. எழாமல் போன இரண்டு கட்டடங்களின் அஸ்திவாரங்களுக்கு வேலை கொடுத்தவர் என்ற பெருமை அநேகமாக அவர் ஒருவருக்குத்தான்.

சாதாரணக் குளம் இல்லை. வட்ட வடிவம். 129.5 மீட்டர் விட்டம். திறந்தவெளியில், தண்ணீரைச் சூடாக்கி, வருடம் முழுவதும் நடத்தினார்கள். ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது டிகிரி. கரையோரம் பனி குவிந்திருக்கும். குளத்தின் மேல் ஆளுயரத்துக்கு ஆவி எழும். உடை மாற்றும் கட்டடத்திலிருந்து நேராக வெளியே நடந்து வந்தால் விறைத்துப்போவார்கள். அதனால் உள்ளேயே தண்ணீரில் இறங்கி, ஒரு தடுப்பின் வழியாக நீந்தியே வெளியே வர வேண்டும். நீந்துபவர்களுக்கு எதிரே வருபவரின் தலைகூடச் சரியாகத் தெரியாது. இன்று ஐம்பது, அறுபது வயதிலிருக்கும் மாஸ்கோக்காரர்கள் பலர் நீச்சல் பழகியது இங்கேதான். அவர்களிடம் கேட்டால் பேராலயமும் தெரியாது, மாளிகையும் தெரியாது. குளோரின் வாசனையும் ஆவியும்தான் இந்த இடம்.

கோபப்பட்டவர்களும் உண்டு. பக்கத்திலுள்ள புஷ்கின் மியூசியத்தில், குளத்தின் ஈரக்காற்று ஓவியங்களைப் பாழாக்கிவிடும் என்று ஊழியர்கள் கவலைப்பட்டார்கள். பக்தர்களுக்கோ அது ஆறாத புண். 'முதலில் கோயில், அப்புறம் குப்பை, இப்போது வெட்கக்கேடு' என்று ஊரில் ஒரு கிண்டல் புழங்கியது. ரஷ்ய மொழியில் இந்த மூன்று சொல்லும் எதுகையோடு வரும்.

இயோஃபான் 1976-ல் இறந்தார். கடைசிப் பதினாறு வருடங்கள் அவர் வீட்டுக்கு எதிர்க்கரையிலிருந்து எழுந்தது மாளிகை அல்ல, நீராவி.

சோவியத் யூனியன் கலைந்தபின் குளத்தையும் மூடினார்கள். 1995 ஜனவரி 7, ரஷ்யக் கிறிஸ்துமஸ் நாளன்று, புதிய பேராலயத்துக்குக் கல் வைத்தார்கள். மேயர் லுஷ்கோவ் வேகமாக வேலை வாங்கினார். பழையது 44 வருடங்கள் எடுத்தது. புதியது 2000 ஆகஸ்ட் 19-ல் பிரதிஷ்டையே ஆகிவிட்டது. உள்ளே தங்கமும் ஓவியங்களும் கண்ணைக் கூசவைக்கின்றன. கீழ்த்தளத்தில் இன்னொரு ஆலயமும் ஒரு பெரிய மாநாட்டு மண்டபமும் மியூசியமும் இருக்கின்றன. ஆக, அந்த இடத்துக்கு மாநாட்டு மண்டபம் ஒன்று கடைசியில் வந்தேவிட்டது. பெண்கள் தலையை மூடிக்கொள்ள ஒரு துணி எடுத்துச்செல்வது நல்லது. உள்ளே போட்டோ எடுக்க விட மாட்டார்கள்.

அச்சு அசலாகப் பழையது மாதிரியே இருக்கிறதா என்றால், இல்லை. வெளிச்சுவர்ச் சிற்பங்கள் முன்பு வெள்ளைப் பளிங்கு. இப்போது பழுப்பு வெண்கலம். சிற்பி ஸெரெதேலியின் இந்த முடிவைப் பற்றி மாஸ்கோவில் சண்டை ஓயவில்லை. வெள்ளைச் சுவரில் அந்தப் பழுப்பு ஒட்டவைத்ததுபோலத்தான் இருக்கிறது.

அசல் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் மறுபடி மெட்ரோ ஏற வேண்டும். ஷபோலவ்ஸ்காயா ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தன்ஸ்கோய் மடாலயம். சுற்றுலா பஸ்கள் அதிகம் வராத இடம். 1931-ல் வெடிவைப்பதற்கு முன் பேராலயத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பளிங்குச் சிற்பங்கள் சில, அங்கே மதில் சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆளைவிடப் பெரிய புனிதர்களும் போர்வீரர்களும். சிலருக்கு மூக்கில்லை, சிலருக்குக் கையில்லை. மழையும் பனியும் பட்டுப் பளிங்கு கறுத்திருக்கிறது. மதிலோரம் பழைய கல்லறைகள், பெரிய மரங்கள். சிற்பங்களைப் பார்க்க அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது.